பியானோவின் வளைவில் உலர்ந்த காளான்கள்

லிபோவ்கா ஊரின் கலை மன்றத்தில் இருக்கும் பியானோவின் வளைவில், பாடகர் நிற்கிற அந்த இரண்டு முழத் தரையில், காட்டுக் காளான் ஒரே பிற்பகலில் உலர்ந்துவிடும். ஊரில் வேறு எங்கே உலர்த்தினாலும் மூன்று நாளாகும், அதுவும் அடுப்புக்கு மேலே நூலில் கோத்துத் தொங்கவிட்டால்தான். அந்த இடத்துக்கு அடியில் வெந்நீர்க் குழாய் எதுவும் ஓடவில்லை. அடியில் இருந்தது உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கிவைக்கும் நிலவறை. கோடையில் அங்கே இறங்கினால்கூடப் பல் கிட்டிக்கும். ஆனாலும் 1970ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் தொடங்கி இருபது ஆண்டுகள் அந்த இடம் சூடாகவே இருந்தது. ரொட்டி சுட்டு எடுத்த கொஞ்ச நேரத்தில் அடுப்பு எப்படி இருக்குமோ அப்படி. முதல் ஆண்டு ஊர் ஆச்சரியப்பட்டது. இரண்டாம் குளிர்காலத்தில் பிள்ளைகளின் ஈரக் கையுறைகளைக் கொண்டுவந்து அங்கே பரப்பியது.

அந்த இடம் ஒட்டீலியா கூபிகோவாவுடையது. அவள் மலைக்கு அந்தப் பக்கம் ஸ்லோவாக்கியாவில் பிறந்து, இந்தப் பக்கம் மொராவியாவில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தான். கல்யாணமான சில ஆண்டுகளிலேயே செத்துப்போனான். பிள்ளை இல்லை. குரல் இருந்தது. இசைப்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடச் சொல்லிக்கொடுத்தாள். ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் புனித வாட்ஸ்லாவ் திருநாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, கலை மன்றத்தில் அவளுடைய கச்சேரி நடக்கும். முதல் பாதியில் செக் பாட்டுகள். இடைவேளையில் முட்டையும் பன்றிக்கறியும் வைத்த ரொட்டித் துண்டுகள், ஒரு கோப்பை ஒயின். மறுபாதியில் ஸ்லோவாக் பாட்டுகள். குரலும் பியானோவும் மட்டும்தான், ஒலிபெருக்கிகூடக் கிடையாது. ஒவ்வொரு பாட்டும் இரண்டு நிமிடம், மிஞ்சினால் நான்கு. அதற்குள் ஒரு பெண் ஆற்றில் துணி அலசி முடிப்பாள், பட்டாளத்துக்குப் போனவன் திரும்பி வரமாட்டான், மலைச்சரிவில் புல் அறுத்து முடிந்துவிடும். கேட்டவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

பியானோ வாசித்தவர் ஹினெக் தோலெஷால், அதே பள்ளியின் ஆசிரியர். ஒட்டீலியா எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், எந்தச் சொல்லில் கொஞ்சம் தங்கிப் போவாள் என்பதெல்லாம் அவருடைய விரல்களுக்குத் தெரியும். "அவ மூச்சு வாங்கறதுக்கு முன்னாடியே எனக்கு நெஞ்சு விரிஞ்சிடும்" என்று மதுக்கடையில் சொல்வார். "அப்ப அவளைக் கட்டிக்கிட்டுப் போயேன்யா, மூச்சாவது மிச்சமாகும்" என்று கேலி செய்வார்கள். ஹினெக் சிவந்துபோய் பீர்க் குவளைக்குள் பார்ப்பார். நல்ல மனிதர்தான். பாட்டைத் தவிர வேறு எதற்கும் அவருக்குத் துணிச்சல் கிடையாது.

அறுபத்தெட்டு ஆகஸ்டில் அண்டை நாடுகளின் டாங்கிகள் எல்லை தாண்டி வந்தன. லிபோவ்காவில் அன்றைக்கு ஆன சேதம் ஒரு மரப்பாலமும் அதன் அடியில் மேய்ந்த வாத்துக் கூட்டமும்தான். மற்ற சேதமெல்லாம் பிறகு மெதுவாக, மேஜைக்கு மேஜை வந்தது. எழுபதாம் ஆண்டு வசந்தத்தில் வேலையில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: சகோதர நாட்டுப் படைகள் உதவிக்கு வந்ததை ஏற்கிறீர்களா? பெரும்பாலோர் தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, வீட்டில் பிள்ளைகள் இருந்தன. ஒட்டீலியா உள்ளே போனபோது மேஜைக்குப் பின்னால் ஊர்ப் பண்பாட்டுக் குழுவின் தலைவர் தோழர் ஷெபெஸ்டாவும், மாவட்டத்திலிருந்து வந்த இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம சகோதரர்கள் வந்ததைப் பத்தி என்ன நினைக்கிறீங்க, தோழர் கூபிகோவா?"

"எங்க வீட்டுக்கு அண்ணன் தம்பி வந்தா வாசல்லயே பூட்ஸைக் கழட்டிட்டுத்தான் உள்ள வருவாங்க," என்றாள் ஒட்டீலியா. "இவங்க கழட்டலையே."

இந்த நாட்டில் மந்திரியே வந்தாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, வீட்டுக்காரி கொடுக்கும் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பார். அதனால் அவள் சொன்னதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாவட்டத்தார் இருவரும் சிரிக்கவில்லை. ஷெபெஸ்டா மட்டும், தன்னை அறியாமல், மேஜைக்கு அடியில் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அந்த வாரமே ஒட்டீலியாவைப் பள்ளியிலிருந்து எடுத்தார்கள். மேடையில் பாடக்கூடாது, வானொலியில் பாடக்கூடாது, கல்யாணத்தில்கூடப் பாடக்கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரிச் சலவையகத்தில், படுக்கை விரிப்புகளை நீராவி உருளைக்குள் விட்டு மடித்து எடுக்கும் வேலை கொடுத்தார்கள். ஷெபெஸ்டா அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் தன் மனைவி யார்மிலாவிடம் பூட்ஸ் கதையைச் சொல்லிச் சிரித்தார். யார்மிலா சிரிக்கவில்லை. அவர் தட்டில் இன்னொரு கரண்டி முட்டைக்கோஸை வைத்துவிட்டு வாசல்பக்கம் போய்ச் சற்று நேரம் நின்றாள்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆண்டுத் திட்டத்தில் செப்டம்பர் கச்சேரி இருந்தது. பாடகியைத் தடைசெய்தாகிவிட்டது, கச்சேரியை யாரும் தடைசெய்யவில்லை. திட்டத்தில் இருப்பதை நடத்தாமல் விட்டால் அது வேறு ஒரு குற்றம். ஹினெக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஷெபெஸ்டாவின் அறைக்குப் போனார்.

"பாடகி இல்லாம பாட்டுக் கச்சேரி எப்படித் தோழரே?"

"பியானோ இருக்கில்ல? வாசி."

"எதை வாசிக்கறது?"

"எப்பவும் எதை வாசிப்பியோ அதைத்தான் வாசி. என்னைக் கேட்டா? நானா இசைப்பள்ளில வாத்தியார்?"

ஹினெக் எப்போதும் வாசிப்பதையே வாசித்தார். பாடகரின் மெட்டை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. பாட்டுக்கு முன்னால் வரும் சில அடிகள், பாட்டுக்கு அடியில் ஓடும் துணைவாசிப்பு, பாட்டு முடிந்தபின் அது அடங்குகிற அடிகள், அவ்வளவுதான். பாடகருக்காகத் திறப்பதுபோலவே பியானோவின் மூடியைப் பாதி மட்டும் திறந்துவைத்தார். ஒவ்வொரு பாட்டும் தொடங்குமுன் வளைவின் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவள் மூச்சு வாங்கும் இடங்களில் கையை நிறுத்திக் காத்திருந்தார். இரண்டாம் பாட்டில் முன்வரிசைப் பெண்கள் கழுத்துத் துணியைத் தளர்த்தினார்கள். மூன்றாம் பாட்டில் வளைவுக்கு மேலே, வெயில் காலத்தில் தார்ச்சாலைக்கு மேல் துடிப்பதுபோலக் காற்று துடித்தது. இடைவேளைக்குள் ரொட்டித் துண்டுகளின் வெண்ணெய் உருகி வழிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் எல்லோரும், ஒட்டீலியா இவ்வளவு நன்றாக எப்போதும் பாடியதில்லை என்று பேசிக்கொண்டார்கள். அதைச் சொன்னவர்களுக்குப் போதை ஏறியிருக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு செப்டம்பரும் அந்தக் கச்சேரி நடந்தது. மன்றம் நிரம்பி வழிந்தது. கச்சேரி முடிந்தபிறகும் வளைவில் சூடு தணியவில்லை. செவ்வாய்க்கிழமை போய்த் தொட்டாலும் இருந்தது, ஈஸ்டரன்று தொட்டாலும் இருந்தது. பூட்ஸோடு அங்கே நின்றால் அடித்தோல் கருகி நாற்றமடிக்கும். பிள்ளைகள் வெறுங்காலோடு நின்றால் இதமாக இருக்கும். இதை ஊரில் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஏன் இப்படி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. கொதிகலன்காரன் புகைபோக்கி என்றான். மருந்துக்கடைக்காரர் கலையின் சக்தி என்றார். பங்குத் தந்தை, கடவுள் எதையும் வீணாக்குவதில்லை என்று பிரசங்கத்தில் சொன்னார். அது உண்மைதான். கடவுள் வீணாக்காமல் வைத்ததை மனிதன் கேட்காமல் எடுக்கலாமா என்பதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

ஊர் எடுத்தது. முதலில் கையுறை. பிறகு வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் பணியாரத்துக்குப் பிசைந்த மாவைத் துணி மூடிக் கொண்டுவந்து வைத்தார்கள். வேறெங்கும் அது அப்படிப் பொங்கியதில்லை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் காட்டிலிருந்து கூடைகூடையாகக் காளான் வரும் நாட்களில், வரிசை மன்றத்தின் படிக்கட்டு வரை நின்றது. நறுக்கிய காளானைச் செய்தித்தாளில் பரப்பி வைத்துவிட்டு, வரிசையை மீறியவளை அடுத்தவள் ஏசினாள். "நேத்துதானேடி வச்சே? ஊர்க் காட்டையே வீட்டுக்கு அள்ளிட்டியா?" என்று சத்தம் கேட்கும். சூட்டைப் பற்றிப் புகார் போய் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஷெபெஸ்டா அவரை அழைத்துக்கொண்டு மேடையேறி, விளக்கிச் சொல்லும் மும்முரத்தில் வளைவுக்குள் கால் வைத்துவிட்டார். புதுப் பூட்ஸின் அடி உருகித் தரையோடு ஒட்டிக்கொண்டது. அவரை அதிலிருந்து உருவித்தான் எடுக்கவேண்டியிருந்தது. காலுறையோடு வெளியே வந்த ஷெபெஸ்டாவைப் பார்த்து அதிகாரி, மன்றத்தில் வெப்ப வசதி திருப்திகரம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் கொதிகலனுக்குக் கரி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எழுபத்தொன்பதாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரே ராத்திரியில் குளிர் இறங்கி நாடெங்கும் நிலக்கரி தீர்ந்தபோது, லிபோவ்காவின் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் பியானோவைச் சுற்றி உட்கார்ந்து, மேல்சட்டை இல்லாமல் கணக்குப் போட்டார்கள்.

ஒட்டீலியாவுக்கு அந்த ஆண்டுகளில் குளிர்ந்தது. சலவையகத்தில் மற்றப் பெண்கள் நீராவியில் வியர்த்து உள்பாவாடையோடு நிற்பார்கள். அவள் கம்பளிக் கோட்டைக் கழற்றமாட்டாள். ஆகஸ்டிலும் கழற்றமாட்டாள். அவளுடைய அறையில் அடுப்பு எரியும், இரும்பு சிவக்கும், அறை சூடாகாது. கண்ணாடி ஜன்னலில் உள்பக்கம் பனி பூக்கும். "ஒட்டீலியாக்கா, உங்களுக்கு ரத்தம் ஓடுதா, இல்ல அதையும் தடை பண்ணிட்டாங்களா?" என்று கூட வேலை செய்த பெண்கள் கிண்டல் செய்தார்கள், அதில் பிரியம்தான் இருந்தது, அவளும் முறைத்துவிட்டு விரிப்பை மடிப்பாள். அவள் முணுமுணுப்பாகக்கூடப் பாடியதில்லை. கோபத்தை அவள் யாரிடமும் காட்டவில்லை. ஞாயிறு பூசைக்குப் போனாள், கடைசி வரிசையில் நின்றாள், கோட்டோடு மண்டியிட்டாள். மன்றத்துக்குள் அவளுக்கு அனுமதி இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை, சொன்னால் வருத்தப்படுவாள், எதற்குப் பாவம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்தார்கள். இந்த ஊரில் மற்றவர் காயத்தைத் தொடாமல் இருப்பதை மரியாதை என்று வைத்திருக்கிறார்கள். அந்த மரியாதையால் ஒரு பெண் இருபது ஆண்டுகள் நடுங்கினாள்.

ஆண்டில் ஒரு மாலை மட்டும் அவளுக்குக் குளிராது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஏதோ ஒரு நாள் அவள் கதவுக் கைப்பிடியில் நூலில் கோத்த உலர்ந்த காளான் சரம் ஒன்று தொங்கும். யார் மாட்டியது என்று தெரியாது. கிறிஸ்துமஸ் இரவுக்கு அவள் பிறந்த ஊர் வழக்கப்படி புளித்த முட்டைக்கோஸ் சூப்பு வைப்பாள், அந்தக் காளானை அதில் போடுவாள். முதல் கரண்டி உள்ளே போனதும் மார்புக்குள் ஏதோ திரும்பி வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போடுவாள். ஜன்னலில் பூத்த பனி வடியும். தேவகுமாரன் பிறந்த இரவு அல்லவா, அதனால்தான் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு தூங்குவாள். மறுநாள் காலை கோட்டை மறுபடி மாட்டிக்கொள்வாள்.

எண்பத்தொன்பது நவம்பரில் நாடு சதுக்கங்களில் நின்று, நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று ஆட்சியாளர்களைப் பார்த்துச் சாவிக்கொத்துகளைக் குலுக்கியது, ஆட்சி போனது. லிபோவ்காவிலும் குலுக்கினார்கள். எல்லோரையும்விடப் பெரிய கொத்தைக் குலுக்கிய ராதிம் என்ற இளைஞன் ஊர்த் தலைவனானான். ஷெபெஸ்டா ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்தார். தடை நீங்கியது என்று ஒட்டீலியாவிடம் சொல்ல ஒரு மாதம் யாருக்கும் நினைவு வரவில்லை. பிறகு வசந்தத்தில், செப்டம்பர் கச்சேரிக்கு அவளையே கூப்பிடலாமே என்று யாரோ சொன்னார்கள். ஹினெக்கை அனுப்பினார்கள். அவர் அவள் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு நின்றார். அவள் வீட்டுச் செருப்பு எடுத்துக் கொடுக்கவில்லை.

"செப்டம்பர்ல பாடணும்னு கேக்கறாங்க," என்றார் ஹினெக். "பழைய பாட்டுங்கதான். ஒண்ணுகூட மாத்தல. வருஷா வருஷம் அதையேதான் வாசிக்கிறேன்."

"வருஷா வருஷமா?"

அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். பெருமையோடுதான் சொன்னார். காலியான இடத்தைப் பார்த்து வாசித்தது, அவள் மூச்சுக்குக் காத்திருந்தது, வளைவில் இறங்கிய சூடு, மாவு, கையுறை, கரி இல்லாத குளிர்காலம், காளான். "ஊருக்கே நீ எவ்வளவு உபகாரமா இருந்தே தெரியுமா?" என்றார்.

ஒட்டீலியா கோட்டின் கழுத்துப்பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு வலிக்குமேன்னுதான்..."

"வலிக்கிறது என் பாடு, ஹினெக். சொல்றதுதான் உன் வேலை. ஒவ்வொரு பாட்டுலயும் எனக்காகக் காத்திருந்தியாமே. ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்தேன்? ஒருநாள் எழுந்து நடந்து வந்திருக்கலாமே!"

ஹினெக் காலுறை ஓட்டையில் தெரிந்த பெருவிரலை மற்றக் காலால் மறைத்துக்கொண்டார். அவள் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மன்றத்தில் அன்றைக்கு வளைவில் மாவுச் சட்டிகள் இருந்தன, வசந்தக் காளான்கள் செய்தித்தாளில் கிடந்தன, யாருடைய பிள்ளையுடையதோ ஒரு சிவப்புக் கையுறை கிடந்தது. ஒட்டீலியா சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். தாளை மடித்துக் காளானை உள்ளே கட்டினாள். கையுறையை நாற்காலி முதுகில் மாட்டினாள். எதையும் வீசவில்லை. பிறகு, சொந்த வீட்டு வாசலில் கழற்றுவதுபோல, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வளைவுக்குள் நின்றாள். சூடு தரையிலிருந்து அவள் காலில் ஏறியது. முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறுவதை அவள் முகத்தில் பார்க்க முடிந்தது. கொஞ்ச நேரத்தில் கோட்டைக் கழற்றினாள். ஹினெக் குனிந்து தரையைத் தொட்டார். அது மற்றத் தரைபோலவே சில்லென்று இருந்தது.

மறுநாள் ஊரில் ஒரு மாவும் பொங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சேதி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ராதிம் தன்னோடு மருந்துக்கடைக்காரரையும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு ஒட்டீலியாவின் வீட்டுக்குப் போனான். வாசலில் நின்றபடியே பேசினான், போய்விடும் அவசரத்தில் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. கச்சேரியை ஊரே எதிர்பார்க்கிறது என்றான். மேடை பெரியது என்றான். "கொஞ்சம் தள்ளி நின்னு பாடினா என்ன அம்மா? அந்த இடத்தை மட்டும் விட்டுக் குடுத்துட்டா எல்லாருக்கும் நல்லது. கொதிகலன் துருப்பிடிச்சுக் கிடக்கு. அடுத்த குளிர்காலம் வேற வந்துடும்."

"இருபது வருஷமா தள்ளித்தான் நின்னேன், தம்பி," என்று சொல்லிவிட்டு ஒட்டீலியா கதவைச் சாத்தினாள். கதவுப் பிடி சூடாக இருந்தது என்று ராதிம் பிறகு சொன்னான்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு வந்தது. அந்த ஆண்டு பனி சீக்கிரமே இறங்கியிருந்தது. மன்றம் நிரம்பியது, ஆனால் யாரும் கோட்டைக் கழற்றவில்லை. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. ஒட்டீலியா கையில்லாத கறுப்பு உடையில், வெறுங்காலோடு வளைவில் நின்றாள். ஹினெக் அவளுக்காகப் பாட்டுகளைத் தாழ்ந்த சுருதிக்கு மாற்றியிருந்தார். இருபது ஆண்டு சலவை நீராவி ஒரு குரலுக்கு என்ன செய்யுமோ அதைச் செய்திருந்தது. கீழ்ச்சுருதி நன்றாக இருந்தது, மேலே போகும்போது மரம் அறுப்பதுபோல இழுபட்டது. செக் பாட்டுகளில் நான்காவது பாட்டில் ஒரு சுரம் உடைந்தது. மூன்றாம் வரிசையில் மருந்துக்கடைக்காரர் தன் மனைவி பக்கம் சாய்ந்தார்.

"முன்னாடியெல்லாம் எவ்வளவு நல்லாப் பாடினாங்க!"

"முன்னாடின்னா எப்ப?"

"போன வருஷம்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். குளிர்ந்த கூடத்தில் மெதுவாகச் சொன்னதும் மேடைவரை போகும். இடைவேளையில் ரொட்டித் துண்டுகள் விறைத்திருந்தன. சிலர் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகப் பார்த்தார்கள், மணி அடித்ததால் திரும்பி வந்தார்கள். இரண்டாம் பாதியின் முதல் பாட்டுக்கு ஹினெக் முன்னடிகளைத் தொடங்கினார். ஒட்டீலியா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். அவள் முகம் சிவந்திருந்தது. பியானோவின் அந்தப் பக்கத்து மெருகிலிருந்து லேசாகப் புகை எழுந்தது.

"போன வருஷம் நான் நல்லாப் பாடினேனாமே," என்றாள். "போன வருஷம் இந்நேரம் நான் ஆஸ்பத்திரி விரிப்பை மடிச்சுக்கிட்டிருந்தேன். கோட்டைப் போட்டுக்கிட்டு மடிச்சேன். இங்க நீங்க வெதுவெதுன்னு உக்காந்து கேட்டீங்களே, அது பாட்டு இல்ல. என் வயித்தெரிச்சல். உங்க பிள்ளைங்க கையுறை அதுல காஞ்சுது. சரி, பிள்ளைங்கதானே. உங்க மாவு அதுல பொங்கிச்சு. சரி, பசிக்குத்தானே. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். ஆனா ஒருத்தர், ஒரே ஒருத்தர் எங்கிட்ட வந்து, உனக்குக் குளிருதான்னு கேட்டீங்களா?"

ஹினெக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கட்டைகளைப் பார்த்தார். ராதிம் கூரையில் ஏதோ இருப்பதுபோல மேலே பார்த்தான். அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யார்மிலா எழுந்தாள். கணவர் ஷெபெஸ்டா இடுப்புவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அவள் தனியாகத்தான் வந்திருந்தாள். குனிந்து பூட்ஸின் கயிறுகளை அவிழ்த்தாள். குளிரில் விரல் விறைத்திருந்ததால் அதற்கு நேரமானது, எல்லோரும் காத்திருந்தார்கள். பூட்ஸை நாற்காலிக்கு அடியில் சேர்த்து வைத்துவிட்டு, காலுறையோடு அந்தச் சில்லென்ற தரையில் நடந்து வந்து, மேடையின் மூன்று படிகளையும் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். வளைவுக்கு வெளியே நின்றாள்.

"நான் ஷெபெஸ்டாவோட பொண்டாட்டி."

"தெரியும்."

"எங்க வீட்டிலேர்ந்து ஒருத்தராவது பூட்ஸைக் கழட்டிட்டு உங்ககிட்ட வந்திருக்கணும். அவர் அன்னைக்கு ராத்திரி சிரிச்சுக்கிட்டே சொன்னப்பவே எனக்குத் தோணிச்சு. அவர் பூட்ஸ் இங்க ஒட்டிக்கிட்டப்ப நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சு. ஆனா வரல. பயம். உங்க கதவு வரைக்கும்தான் வந்தேன்."

"கதவு வரைக்கும்னா?"

"காளான் மாட்ட. இங்க உலர்ந்ததுதான் அது. உங்களுது கொஞ்சமாவது உங்களுக்கு வந்து சேரட்டும்னு."

ஒட்டீலியா அவளை வெகுநேரம் பார்த்தாள். ஆண்டுக்கு ஒரு மாலை கழற்றி நாற்காலியில் போட்ட கோட்டு அவளுக்கு நினைவு வந்திருக்கவேண்டும். "மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன்," என்றாள். அவள் கோபம் குறையவில்லை, குரலில் இருந்தது.

"வேண்டாம். அதைக் கேக்க வரல."

"உதடெல்லாம் நீலம் பூத்திருக்கே, மடச்சி. இங்க வா. உள்ள வந்து நில்லு."

யார்மிலா வளைவுக்குள் வந்து நின்றாள். ஒட்டீலியா ஹினெக்கைப் பார்த்துத் தலையசைத்தாள். ஸ்லோவாக் பாட்டுகள் முழுவதையும் அவள் அப்படியே, ஷெபெஸ்டாவின் மனைவியைத் தோளோடு தோளாக நிற்கவைத்துக்கொண்டு பாடினாள். குரல் உடைந்த இடங்களில் உடைந்தது. அவள் அதை ஒட்டவைக்கப் பார்க்கவில்லை. சிலருக்கு அது அழகாக இல்லை. அழகாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இரண்டாம் பாட்டின்போது கூடத்தில் இங்குமங்கும் ஆட்கள் குனிந்தார்கள். கயிறு அவிழும் சத்தம், பூட்ஸைத் தரையில் வைக்கும் சத்தம். மருந்துக்கடைக்காரர் குனிய முடியாத தொப்பைக்காரர். அவர் மனைவி கழற்றிவிட்டாள், நன்றாகவே வலிக்கும்படி. ராதிம் கடைசியாகத்தான் கழற்றினான். ஹினெக்கும் கழற்றினார், காலுறையோடு மிதித்ததில் அடுத்த இரண்டு பாட்டுக்கு மிதிகட்டை வழுக்கியது, பிறகு பழகிவிட்டது. கடைசிப் பாட்டு முடிந்ததும் கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது, பாதிப்பேர் எழுந்து நின்று, குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தட்டினார்கள்.

அன்றிலிருந்து லிபோவ்காவில் அந்தக் கச்சேரிக்கு மட்டும் பூட்ஸை வாசலில் கழற்றிவைத்துவிட்டுத்தான் போகிறார்கள். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. சளி பிடிப்பவர்கள் தடித்த கம்பளிக் காலுறை கொண்டுவருகிறார்கள். கொதிகலனைப் பழுதுபார்க்க மூன்று ஆண்டுகள் ஆயிற்று. அதற்குள் நாடு செக், ஸ்லோவாக் என்று இரண்டாகிவிட்டது. மலைமேல் கம்பம் நட்டு, சாவடி கட்டி, அடையாளச் சீட்டுக் கேட்டார்கள். கச்சேரி மட்டும் முன்போலவே செக் பாதியும் ஸ்லோவாக் பாதியுமாக நடந்தது, இடையில் ரொட்டித் துண்டோடு. ஷெபெஸ்டா ஒருநாள் வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும்போதே மாரடைப்பில் போனார். எங்கே புறப்பட்டார், எங்கிருந்து திரும்பினார் என்று யார்மிலா யாரிடமும் சொல்லவில்லை. காளான் இப்போது மற்ற ஊர்களைப் போலவே அடுப்புக்கு மேலே, மூன்று நாளில் உலர்கிறது. மாவு அதன் இஷ்டத்துக்குப் பொங்குகிறது.

ஒட்டீலியாவின் கோபம் தணியவில்லை. ஹினெக்கை இன்றுவரை ஒத்திகையில் ஏசுகிறாள். அவர் ஒவ்வொரு நாளும் வந்து, அவளுக்குக் குளிர்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பியானோவைத் திறக்கிறார். இல்லை என்று அவள் எரிச்சலோடு சொல்கிறாள். அது உண்மை. குளிர்காலத்தில் அவளுடைய கூரையில் மட்டும் பனி நிற்பதில்லை. வாசற்படியில் ஜனவரியிலும் புல் இருக்கிறது, தெருப்பூனைகள் அங்கே கூடுகின்றன. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "கையைக் கொஞ்சம் காய வச்சுக்கட்டுமா அம்மா?" என்று கேட்கிறார். அவள் அவர் காலைப் பார்க்கிறாள். அவர் பூட்ஸைக் கழற்றுகிறார். அவள் வீட்டுச் செருப்பு எடுத்துக் கொடுக்கிறாள்.